பக்கத்து இலைக்கு மார்க்

ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கைக்குழந்தைக்காரி. கடிதத்தின் சாரம் இதுதான்: "அக்கா, வீட்டிலிருந்தபடியே செல்போனில் ஒரு கோர்ஸ் படிக்கிறேன். குழந்தை உணவும் ஆரோக்கியமும் பற்றியது. பாடமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நான் எழுதி அனுப்புகிற பயிற்சியை டீச்சர் திருத்துவதில்லையாம். என்னைப் போலப் படிக்கிற வேறு மூன்று பேர் திருத்தி மார்க் போடுவார்களாம். நானும் மூன்று பேருக்குப் போட வேண்டுமாம். எனக்கே ஒன்றும் தெரியாமல்தானே படிக்க வந்தேன்? இது என்ன கூத்து? இந்த மார்க்கை நம்பலாமா?"

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வந்தது. ஏனென்றால் சென்ற வருஷம் நானும் இதே போல் ஒரு கோர்ஸில் சேர்ந்து, மார்க் வாங்கியும் இருக்கிறேன், போட்டும் இருக்கிறேன். பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிறவர்களைப் பற்றி நமக்குத் தெரியும். பக்கத்து இலைக்கு மார்க் போடுகிற கஷ்டம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்!

முதலில், ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் டீச்சர் நோட்டைத் திருத்தலாம். 40,000 பேர் இருந்தால்? நம் மத்திய அரசின் 'ஸ்வயம்' 2017 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முன்பே, 2012ல், அமெரிக்காவில் 'கோர்ஸெரா' வந்துவிட்டது. ஒரே பாடத்தை ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள். சரியான விடையைத் தொட்டுக் காட்டுகிற கேள்வி என்றால் கம்ப்யூட்டரே திருத்திவிடும். 'எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு நாள் சாப்பாடு எழுதுக' என்றால் மனுஷ மனசு வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் ஒருவரை ஒருவர் திருத்துகிற இந்த ஏற்பாடு.

இது ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை ஞாபகம் இருக்கிறதா? மூத்த பையன் சின்னப் பையனுக்கு மணலில் எழுதிக் காட்டுவான், தப்பையும் திருத்துவான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் நம்மூர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797ல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் அது பரவியது. இங்கிருந்து போனதுதான் இப்போது செல்போன் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். போகட்டும்.

என் கதைக்கு வருகிறேன்.

எட்டு மாதக் குழந்தையின் உணவைத்தான் எனக்கும் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவள், நமக்குத் தெரியாததா என்ற மிதப்போடு எழுதி அனுப்பினேன். பத்துக்கு மார்க். நாலு நாள் கழித்து வந்தது பாருங்கள்: 9, 9, 4! நாலு போட்ட புண்ணியவதி (புண்ணியவானோ?) ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தார்: "போதாது."

என்ன போதாது? எது போதாது? அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்து சாம்பாரை அடிப்பிடிக்க விட்டேன். இத்தனைக்கும் எனக்குக் கடைசியாகக் கிடைத்த மார்க் 9. இந்த ஏற்பாட்டில் மூன்று மார்க்கையும் வரிசையாக வைத்து நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வார்கள். 4, 9, 9 என்றால் நடுவில் நிற்பது 9. யாராவது ஒருத்தர் கோபத்தில் ஒன்று போட்டாலும், சொந்தக்காரப் பாசத்தில் பத்து போட்டாலும் தலைவிதி மாறாது. நல்ல யோசனைதான். ஆனாலும் மனசு அந்த நாலைத்தானே பிடித்துக்கொண்டு தொங்குகிறது!

அடுத்த வாரம் டீச்சரின் மாதிரி விடை வந்தது. நான் எழுதியிருந்தது தண்ணீராக ஓடுகிற அரிசிக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும். அவர்கள் சொன்னது: ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கொடுக்கும் உணவு, கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாமல் நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். குழந்தையின் வயிறு சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? பருப்பும் காயும் மசித்து, ஒரு சொட்டு நெய்யோ எண்ணெயோ விட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை கொடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆக, "போதாது" என்றவர் சொன்னதுதான் சரி! ஒன்பது போட்ட இரண்டு பேரும் என்னைப் போலவே பருப்புத் தண்ணீர் ஊற்றிப் பிள்ளை வளர்த்தவர்களாக இருக்க வேண்டும். நடு மார்க் என்ற ஏற்பாடு அந்த ஒரு சரியான குரலை ஓரம் கட்டிவிட்டது. அவரும் "ஏன் போதாது" என்று ஒரு வரி கூட எழுதியிருந்தால் நான் அன்றே திருந்தியிருப்பேன்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இந்தத் தடவை கைவைத்தியத்தை ஒத்திப் போட்டேன்.

நான் திருத்த வேண்டிய மூன்றில் ஒன்று, அழகான தமிழில் எழுதப்பட்டிருந்தது. ராகியை முளைகட்டி அரைத்து, துணியில் வடித்துப் பால் எடுத்து, காய்ச்சி, இனிப்புக்கு ஒரு ஸ்பூன் தேன் சேர்க்கச் சொல்லியிருந்தார். குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்தில் படித்து, "மிக நன்று, சகோதரி" என்று எழுதிப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

டீச்சரின் விடையில் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: ஒரு வயது ஆகும்வரை குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

தேனில் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். 'க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்' என்று பெயர். பெரியவர்கள் குடல் அதை வளரவிடாது. ஒரு வயதுக்குள் குழந்தையின் குடலுக்கு அந்தத் திராணி கிடையாது. வித்து முளைத்து உள்ளேயே விஷத்தை உண்டாக்கும். மலச்சிக்கல், உறிஞ்சிக் குடிக்க முடியாத சோர்வு, ஈனக் குரலில் அழுகை, கழுத்தும் கைகாலும் துவண்டு போவது… இப்படிப் போய் மூச்சு விடுவதையே பாதிக்கலாம். அபூர்வமாகத்தான் வரும், ஆனால் வந்தால் ஆபத்து. வீட்டு அடுப்பில் காய்ச்சுகிற சூட்டுக்கு அந்த வித்து சாகாது. காய்ச்சிய கூழில்தானே கலக்கிறோம் என்ற சமாதானம் செல்லாது. இந்த அடையாளங்கள் தெரிந்தால் பாட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நம் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற வழக்கம் உண்டல்லவா? தேனோ, சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு நாக்கில் வைப்பார்கள். அதில் வளர்ந்த எனக்குத் தேன் என்ற சொல் கண்ணில் உறுத்தவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு மற்ற இரண்டு பேரும் எவ்வளவு போட்டார்களோ! எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறவர்களாக இருந்தால், எத்தனை பேர் திருத்தினாலும் தப்பு தப்பாகவே நிற்கும். மூன்று பேர் கையெழுத்து வேறு அதற்குக் கிடைத்துவிடும்.

அவருக்குச் சொல்லலாமென்றால் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. யார் எழுதியது என்று தெரியாமல் திருத்துவதுதான் அங்கே விதி. பார்த்த மூஞ்சிக்கு ஏற்ப மார்க் போடக் கூடாதென்று நல்லதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். கோர்ஸ் நடத்தியவர்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அந்தத் தாய் டீச்சரின் விடையைப் படித்திருப்பாரா என்று இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு இந்தத் திருத்தல் விஷயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சின்மய் குல்கர்னி என்பவரும் அவருடைய பேராசிரியர் ஸ்காட் க்ளெம்மர் முதலானவர்களும் தங்கள் கோர்ஸ் ஒன்றையே ஆராய்ந்து 2013ல் எழுதியிருக்கிறார்கள். படிக்கிறவர்கள் போட்ட மார்க்கையும் ஆசிரியர்கள் போட்ட மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் முறை நடத்தியபோது, நூற்றுக்கு 43 பேருக்கு வித்தியாசம் 5 சதவிகிதத்துக்குள். 66 பேருக்கு 10 சதவிகிதத்துக்குள். பரவாயில்லை அல்லவா? ஆனால் தன் வேலைக்குத் தானே போட்டுக்கொண்ட மார்க், ஆசிரியர் போட்டதைவிட 7 சதவிகிதம் கூடுதல். தன் நாட்டுக்காரர் எழுதியதற்கு மற்ற நாட்டுக்காரரைவிட 3.6 சதவிகிதம் தாராளம். பெயரில்லாமல் திருத்தியும் இந்தப் பாசம் எப்படித்தான் நுழைந்ததோ! அதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. "நீ கை தாராளமாகப் போடுகிறாய்", "நீ கறாராகப் போடுகிறாய்" என்று திருத்துகிறவர்களுக்கே எடுத்துச் சொன்னால், அடுத்த தடவை அவர்கள் சரியாகப் போட்டார்களாம். எனக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை.

இதை எங்கள் தெருவில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போடியில் வீட்டுக்கு ஒருத்தராவது ஏலக்காயில்தான் பிழைப்பார்கள். அவள் இதைக் கேட்டுவிட்டு ரொம்ப அலட்சியமாகச் சொன்னாள்.

"இதென்ன யக்கா பெரிய விஷயம்! புதுசா வர்ற பொண்ணு கையில எடுத்த எடுப்புலயே காயைக் கொட்டுவாங்களா? மொதல்ல, ஆய்ஞ்சு வச்ச காயில நல்லது ஒரு பிடி, நடுத்தரம் ஒரு பிடி, வெடிச்சது வெளுத்தது ஒரு பிடின்னு தனித்தனியாக் காட்டுவாங்க. இதுல பார்த்துப் பிரின்னு கலந்து கொடுப்பாங்க. அதுல கை சரியா ஓடுனாத்தான் தட்டு. ஓடாட்டி இன்னும் ரெண்டு நாள் பழகணும்."

அப்படியே அசந்துவிட்டேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் ஆர்வில் சாப்மன் என்ற ரசாயனப் பேராசிரியர் 1990களில் ஏற்படுத்திய முறையும் இதுவேதான்! ஆசிரியர் முன்பே மதிப்பிட்டு வைத்திருக்கும் மூன்று கட்டுரைகளை – நல்லது, சுமார், மோசம் – முதலில் மாணவர் திருத்த வேண்டும். ஆசிரியர் போட்டதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கம்ப்யூட்டர் பார்க்கும். ஒத்துப்போனவரின் மார்க்குக்கு எடை அதிகம், போகாதவருக்குக் குறைவு. அதற்குப் பிறகுதான் அடுத்தவர் எழுதியதைத் திருத்துவது, கடைசியில் தன்னுடையதைத் தானே திருத்துவது. எனக்குக் கொடுத்த மாதிரியில் ஒரு ஸ்பூன் தேன் இருந்து, நான் அதில் தவறி, கையில் ஒரு குட்டு வாங்கியிருந்தால், அந்தப் பெண்ணின் ராகிப் பாலைக் கண் மூடிக்கொண்டு விட்டிருக்க மாட்டேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "ஒரு காயை மட்டும் காட்டி இது எத்தனை மார்க்குன்னா தெரியாது யக்கா. ரெண்டு காயைக் காட்டி எது ஒசத்தின்னா சட்டுனு சொல்லிடுவேன்." 1927லேயே தர்ஸ்டன் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் இதைக் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் சில பள்ளிக்கூடங்களில் கட்டுரைகளை இரண்டிரண்டாகக் காட்டி, எது மேல் என்று பல ஆசிரியர்களைச் சொல்லச் சொல்லி, அதிலிருந்து வரிசை எடுக்கிறார்கள். எங்களூர் ஏல மையத்தில் விலை கேட்பது கம்ப்யூட்டரில் என்று ஆகிவிட்டது. ஆனாலும் வியாபாரிகள் சாம்பிள் காயைக் கையில் கொட்டி, முகர்ந்து, உரித்துப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். ஆனால் இந்த முறையில் ஒரு குறை: உன்னுடையது இரண்டாமிடம் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. "போதாது" என்பதற்கு அண்ணன்தான்!

சரி, நான் அதோடு நிற்கவில்லை. அடுத்த தடவை அதே இடத்தில் தாய்மாருக்கான ரத்தசோகைப் பாடம் வந்தபோது, தெரிந்தவர்கள் நாலு பேராகச் சேர்ந்துகொண்டோம். நான், என் தம்பி மகனைக் கட்டிய மருமகள், தரம் பிரிக்கிறவள், மலைக்கு ஜீப்பில் வேலைக்குப் போய்வருகிற ஒரு இளம் தாய். கோர்ஸில் வருகிற மார்க் ஒரு பக்கம் வரட்டும், நமக்குள் வாட்ஸ்அப்பில் பேசித் திருத்திக்கொள்வோம் என்று ஏற்பாடு.

முதல் வாரம் படுதோல்வி. எல்லாருக்கும் எல்லாரும் பத்துக்குப் பத்து! மருமகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்க எழுதினதுக்கு நான் எப்பிடி அத்தை மார்க் போடுறது? நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்து சாப்பிட வேணாமா?" என்றாள்.

பெயர் தெரியாவிட்டால் பொறுப்பில்லை, பெயர் தெரிந்தால் வாய் திறப்பதில்லை! இதற்கு என்ன வழி? மார்க்கையே எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் இரண்டு கேள்வி மட்டும். இவள் எழுதியதில் என் வீட்டில் நாளைக்கே செய்யக்கூடியது எது? என் வீட்டில் நடக்கவே நடக்காதது எது, ஏன்? 'குறை சொல்' என்றால் சொல்லாத வாய், 'உன் வீட்டு நிலவரம் சொல்' என்றால் தாராளமாகத் திறந்தது.

ரத்தம் குறைவாக உள்ள தாய்க்கு ஒரு நாள் உணவுப் பட்டியல் எழுதியிருந்தேன். காலை பத்து மணிக்கு முருங்கைக்கீரை சூப், உடனே இரும்புச்சத்து மாத்திரை. கோர்ஸில் முகம் தெரியாத மூன்று பேரும் 8, 9, 9 போட்டிருந்தார்கள். ஜீப்பில் போகிறவளின் குரல் பதிவு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது. முந்தலைத் தாண்டி மலை ஏறிவிட்டால் அவள் போனில் சிக்னல் நிற்காது. இறங்கி வந்துதான் பேச முடியும்.

"யக்கா, பத்து மணிக்குச் சூப்புன்னு போட்டிருக்கீங்க. பத்து மணிக்கு நான் ஏலக்காட்டுக்குள்ள நிக்கிறேன், அடுப்புக்கு எங்க போக? விடியமுன்ன ஜீப்பு. பிள்ளைய மாமியாகிட்ட விட்டுட்டு வெறும் வயித்துலதான் கெளம்புறது. எனக்கும் ஆஸ்பத்திரில அந்த மாத்திரை குடுத்திருக்காக. பத்தரைக்குக் கட்டன் சாயா வரும்போது அதோட சேத்து முழுங்கிருவேன். அப்பத்தான் தண்ணி மாதிரி ஏதாவது கையில இருக்கும்."

மூன்று தரம் போட்டுக் கேட்டேன். பாடத்திலேயே இருக்கிறது: சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ, காப்பி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவது குறைந்துவிடும். அவளும் அந்தப் பாடத்தைப் படித்தவள்தான். கேள்விக்குச் சரியான விடையைத் தொட்டு முழு மார்க் வாங்கியவள்தான்! தான் குடிக்கிற சாயாவுக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தம் உண்டென்று அவளுக்கும் தோன்றவில்லை, எழுதிய எனக்கும் தோன்றவில்லை. அத்தனை மார்க்கும் சேர்ந்து வெளிக்கொண்டு வராததை இந்த ஒரு புகார் கொண்டு வந்துவிட்டது.

பிறகு நாலு பேருமாக அந்தப் பட்டியலைப் பிரித்து மேய்ந்தோம். மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம், படுக்கப் போகுமுன் தண்ணீரில் போட்டுக்கொள்வது. டீக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது. கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே வேளையில் சேர்க்காமலிருப்பது. தூக்குவாளியில் சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சைத் துண்டோ வைத்துக்கொள்வது. அந்தப் புளிப்பு இரும்புச்சத்தை உடம்பில் ஏற்றிவிடும். இதையெல்லாம் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னேன். தேன் விஷயத்தில் பட்டது போதாதா? நாலு பேர் ஒத்துக்கொண்டால் மட்டும் சரியாகிவிடாது.

மும்பை ஐ.ஐ.டி.யில் சாஹனா மூர்த்தி, ஸ்ரீதர் ஐயர் என்ற பேராசிரியர்கள் வகுத்திருக்கும் கோர்ஸ் முறையில், ஒருவருக்கொருவர் பேச வேண்டியதற்கென்றே ஒரு குறிப்பான கேள்வியைக் கொடுத்து, பேசி முடித்ததும் 'அதிலிருந்து உனக்கு என்ன கிடைத்தது' என்று எழுதவும் வைக்கிறார்கள். சும்மா 'கருத்துச் சொல்லுங்கள்' என்று விட்டால் "மிக நன்று, சகோதரி"தான் வரும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

கடிதம் எழுதிய சகோதரிக்கு: கோர்ஸை விட்டுவிடாதீர்கள். வருகிற மார்க்கைவிட, கூட வருகிற வரியைப் படியுங்கள். வரி இல்லாத மார்க்கு நாலானாலும் ஒன்பதானாலும் கணக்கில் வேண்டாம். நீங்கள் திருத்தும்போது அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். பத்து நிமிஷம் போதும். மாதிரி விடை முன்பே கொடுத்திருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்க்குக்கு எதிரே 'ஏன்' என்று ஒரு வரி எழுதுங்கள். குழந்தை வாய்க்குள் போகிற பொருளாக இருந்தால் மட்டும், மூன்று பேர் சரியென்றாலும் டாக்டரிடமோ கிராம நர்ஸிடமோ ஒரு தரம் கேளுங்கள். முடிந்தால் தெரிந்தவர்களாக மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒருத்தியாவது உங்களைப் போல் இல்லாதவளாக இருக்கட்டும்.

எங்கள் நாலு பேர் கூட்டம் இப்போது மூன்றாவது கோர்ஸில் இருக்கிறது. மருமகள் தேறிவிட்டாள். போன வாரம் என் பயிற்சியைப் பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க எழுதியிருக்கிற பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவே ஒரு மணி நேரம் ஆகும், கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு யார் செய்வா?" என்று கேட்டாள். தரம் பிரிக்கிறவள் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பும் குரல் பதிவில் விழுந்திருக்கிறது. ஜீப்பு இன்று சீக்கிரமே கிளம்பிவிட்டதாம். மலையேறுமுன் அவள் அனுப்பியது காலை நாலரைக்கே வந்து கிடக்கிறது. இட்லியை இறக்கி வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.